பிப்ரவரி ஊரும் ஜூன் ஊரும்

ப்யூட், மொன்டானா
நவம்பர் 11

அன்புள்ள அடேல்,

நான் கடிதம் எழுதினால் ஏதாவது கேட்கத்தான் எழுதுவேன் என்று நீ சொல்வாய். இந்த முறையும் கேட்கத்தான்.

போன மாதம் வெல்டன் க்ரேன் எங்கள் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்துக்கு வந்தார். பக்கத்து மாநிலத்து ஆளுநர், ஜனாதிபதி பதவிக்கு நிற்கப்போகிறவர். மேடை ஏறவில்லை. எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, சுரங்கத் தூசி நுரையீரலில் ஏறிச் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். சொன்னோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். ஜெயித்தால் விசாரணைக் குழு போடுவேன், சுரங்கக் கம்பெனிகளைக் கூண்டில் ஏற்றுவேன் என்றார். என் நுரையீரல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் இவர்தான்.

ஆனால் எங்கள் ஓட்டு ஜூனில். கட்சியின் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டெடுத்துக்கொண்டு வரும்போது நாங்கள் கடைசி வரிசை. எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகு எங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் பிப்ரவரியிலேயே போடுகிறீர்கள். முதல் ஓட்டுப்பெட்டி உங்கள் ஊரில்தான் திறக்கிறது. அங்கே தோற்றவர் எங்கள் ஊர் வரை வந்து சேர்வதே இல்லை.

அவருடைய ஆள் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நியூ ஹாம்ப்ஷயர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா? அங்க ஒரு ஆளு, இங்க ஆயிரம் பேருக்குச் சமம்."

தங்கை இருக்கிறாள் என்றேன். காகித ஆலையில் நானூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறாள், அவள் சொன்னால் ஊரே கேட்கும் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

செய்வாயா? நம் தம்பி எமிலையும் சேர்த்துக்கொள். நாற்பத்தோரு வயதாகியும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறவனுக்கு ஒரு வேலை ஆகட்டும்.

உன் அண்ணன்,
ரோலண்ட்

*

கார்வெல், நியூ ஹாம்ப்ஷயர்
ஜனவரி 20

அன்புள்ள அண்ணா,

ஊர் முழுக்க வேட்பாளர்கள். முடிதிருத்துகிற கடைக்குள் இருவர், மாதா கோயில் வாசலில் ஒருவர். நேற்று நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு செனட்டர் வந்து மாவுக் கையையே பிடித்துக் குலுக்கினார். அவருடைய நல்ல கோட்டெல்லாம் மாவு. பாவமாக இருந்தது, ஆனாலும் ஓட்டு க்ரேனுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

உன் க்ரேன் என் சமையலறைக்கு இரண்டு முறை வந்துவிட்டார். அம்மா செய்கிற மாதிரி மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்டு வைத்திருந்தேன். இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன் பெயரைச் சொன்னதும், "இருமிக்கிட்டே சிரிச்சாரே, அவரா?" என்றார். உண்மையாகவே நினைவு வைத்திருக்கிறார், அண்ணா. அதற்குப் பிறகுதான் இந்த வேலையில் எனக்கு மனம் ஒட்டியது.

ஊரில் யார் யார் க்ரேனுக்குப் போடுவார்கள் என்று பட்டியல் எடுத்திருக்கிறேன். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் முப்பத்தொன்பது பேர் நடக்க முடியாத கிழடுகள். அவர்களை அழைத்துப்போக எமிலின் வண்டி. முதலில் மழுப்பினான். "எனக்கு மரம் ஏத்தற லாரிதான் அக்கா ஓட்டத் தெரியும். கெழவிங்கள ஏத்திப் பழக்கமில்ல" என்றான். பிறகு ஒத்துக்கொண்டான். நீ ஏதாவது சொன்னாயா?

அவன் இதுவரை ஓட்டே போட்டதில்லை என்பது உனக்குத் தெரியுமா? இந்த முறை முதல் ஆளாகப் போடப்போகிறானாம்.

அடேல்

*

கார்வெல்
மார்ச் 8

அண்ணா,

நீ எதுவும் கேட்காமல் போனாய். அதனால் நானே எழுதுகிறேன்.

பிப்ரவரி 26 காலையிலிருந்தே மழை. விழுந்த மழை தரையில் பட்டதும் கண்ணாடியாக உறைந்தது. எமில் ஏழு மணிக்கே தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தான். மாலைக்குள் முப்பத்தெட்டு பேரை அழைத்துப்போய் வீட்டில் திரும்ப விட்டான். ஐந்து மணிக்கு மலைச் சாலையில் இருக்கிற டெரோஸியர் அம்மாளை அழைத்துவரப் போனான். ஆறு மணிக்கு ஓட்டுச்சாவடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐந்தே முக்காலுக்கு இறக்கத்தில் வண்டி வழுக்கி, ஆற்றுப்பக்கம் விழுந்தது. வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான்.

க்ரேன் நூற்றெண்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் நாலாவது வந்தார். மூன்றாவது வந்தவர் வரைதான் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காட்டாத ஆளுக்கு யார் நன்கொடை தருவார்கள்? நேற்று முன்தினம் போட்டியிலிருந்து விலகிவிட்டார். நான் ஆலையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது வானொலியில் சொன்னார்கள். எமில் போய் ஒன்பது நாள்கூட அவர் நிற்கவில்லை.

அவர் கையால் எழுதிய இரங்கல் கடிதம் வந்தது. நல்ல கடிதம்தான். மடித்து வைத்துவிட்டேன்.

ஓட்டுக்கு மறுநாள், புதன்கிழமை விடிந்தபோதே ஊரில் இருந்த கேமரா வண்டிகள் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் அடுத்து ஓட்டு நடக்கிற தென் மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது. எமிலுக்காகத்தான் அப்படி இருக்கிறது என்று முட்டாள்தனமாக நினைத்துக்கொண்டேன்.

அவன் இன்னும் மண்ணுக்குப் போகவில்லை. தரை உறைந்து கிடக்கிறது, மே மாதம்தான் தோண்ட முடியும். கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கும் கல் அறையில் மற்ற ஐந்து பெட்டிகளோடு அவன் பெட்டியும் இருக்கிறது. ஆலைக்குப் போகிற வழி அது. தினம் இரண்டு முறை தாண்டுகிறேன். தாண்டும்போது வேகமாக நடக்க முடியவில்லை.

அடக்கப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவனுடைய கோட்டை உன்னிடம் கொடுத்தேன். நீ அதன் பைக்குள் கைவிட்டாய். முகம் மாறியது. அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அடேல்

*

ப்யூட்
மார்ச் 19

அடேலுக்கு,

என்ன செய்தாய் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

முப்பத்தெட்டு பேர் போதவில்லை உனக்கு. தெரு கண்ணாடியாகக் கிடக்கிறது, இருட்டிக்கொண்டு வருகிறது, கதவு சாத்த ஒரு மணி நேரம் இருக்கிறது. அப்போதும் மலைமேல் இன்னொரு ஓட்டு இருக்கிறது என்று அவனை அனுப்பினாய். சின்ன வயதிலிருந்து அவன் உன்னிடம் முடியாது என்று சொன்னதில்லை. அது உனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினாய்.

இங்கே சங்கக் கூடத்தில் ஆட்கள் வந்து என் கையைப் பிடிக்கிறார்கள். "உங்க தம்பி நமக்காகப் போயிட்டாரே" என்கிறார்கள். நமக்காகவாம். க்ரேன் விலகிவிட்டார் என்று சொன்னாலும் அவர்கள் காதில் விழவில்லை. ஜூன் வரட்டும், போடுகிறோம் என்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், பஸ்ஸிலிருந்து எமில் இறங்கி வருகிற மாதிரி இருந்தது. அதே தோள், அதே நடை. கூப்பிடப் போய்விட்டேன். வேறு யாரோ.

எனக்கு இப்போது எழுத வேண்டாம்.

ரோலண்ட்

*

கார்வெல்
ஏப்ரல் 14

அண்ணா,

வேண்டாம் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அன்று மூன்றரை மணிக்கு, இங்கே மான்செஸ்டர் நகரத்தில் இருக்கிற க்ரேனின் தேர்தல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மூன்றாவது இடம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் வாரக் கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான், பட்டியலில் மிச்சம் இருக்கிற ஒவ்வொருவரையும் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஐந்து மணிக்கு எமில் திரும்பி வந்து கையுறையைக் கழற்றி அடுப்பில் காயவைத்துக்கொண்டிருந்தான். நான் பட்டியலைப் பார்த்தேன். டெரோஸியர் அம்மாள் பெயருக்கு நேரே கோடு இல்லை. "இன்னும் ஒரே ஒருத்தங்கதான்டா" என்றேன். அவன் ஈரக் கையுறையையே மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் இரண்டாவது தாளைப் பார்த்தேன். சாவடியில் உட்கார்ந்திருந்த நம் ஆள், ஓட்டுப் போட்டுவிட்டவர்கள் என்று மதியம் போனில் சொன்ன பெயர்களை நான் அதில்தான் குறித்திருந்தேன். ஏழாவது பெயர் டெரோஸியர். பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே அழைத்துவந்திருக்கிறார். என் கையெழுத்து, என் பென்சில். முதல் தாளில் கோடு போட மறந்திருக்கிறேன்.

அதாவது, ஏற்கெனவே போட்டாகிவிட்ட ஒரு ஓட்டுக்காக அவனை மலைக்கு அனுப்பினேன்.

இதுவரை எனக்குள்ளேயே ரகசியமாக வைத்திருந்தேன். போன ஞாயிறு அந்த அம்மாளே வந்தார். எண்பத்து நாலு வயது. சேறும் பனியுமாகக் கிடக்கிற பாதையில் தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"உன் தம்பி என் வீட்டுக்கு வந்துட்டுத்தான் போனான். நான் காலையிலயே போட்டுட்டேனேப்பான்னு சொன்னேன். சிரிச்சான். எங்கக்காகிட்ட இத சொல்லிடாதீங்க, வருத்தப்படுவான்னு கேட்டுக்கிட்டான். நான் ஒத்துக்கிட்டேன். ஆறு வாரமா என்னால தாங்க முடியல."

பிறகு இன்னொன்றும் சொன்னார், தன் ஓட்டைக்கூட க்ரேனுக்குப் போடவில்லையாம். வேறொரு வேட்பாளர் விறகு தூக்கி உள்ளே வைத்தாராம், அதற்காக அவருக்குப் போட்டாராம். "அதையும் சொல்லிட்டா மனசு காலியாயிடும்" என்றார்.

இப்போது மூன்றரை மணிக்குப் போன் அடித்தால் எடுக்க முடியவில்லை. அது நிற்கிற வரை பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறேன். மற்ற நேரத்தில் அடித்தால் ஒன்றுமில்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஆனால் நீ எழுதியது குறைவு.

அடேல்

*

ப்யூட்
மே 2

அன்புள்ள அடேல்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

கோட்டுப் பையில் என்ன இருந்தது என்று உனக்கு நான் சொல்லவில்லை. என் கடிதம்.

ஜனவரியில் எமில் எனக்கு எழுதினான். உனக்குத் தெரியாமல். அதை அப்படியே எழுதுகிறேன், எத்தனையோ முறை படித்துவிட்டேன்: "அண்ணா, வண்டி டயர் மொட்டையா இருக்கு. மாத்தறதுக்கு வசந்தம் வரைக்கும் ஆகும். தரை காஞ்சிருந்தா எத்தன தடவ வேணும்னாலும் போறேன். பனியா இருந்தா முடியாதுன்னு நீயே அக்காகிட்ட சொல்லிடு. நான் சொன்னா அவ மூஞ்சப் பாக்க முடியாது."

நான் உன்னிடம் சொல்லவில்லை. அவனுக்குத்தான் பதில் எழுதினேன். "உனக்கு ஒரு நாள் வேலை, எங்களுக்கு உயிர். இங்கே ஜூன் வரும்போது எதுவும் மிஞ்சியிருக்காது, எல்லாம் உங்கள் ஒரு நாளில் இருக்கிறது. அக்கா எத்தனை முறை போகச் சொன்னாலும் போ, சாக்குச் சொல்லாதே." இப்படி எழுதினேன். அந்தத் தாளைத்தான் அவன் பையில் வைத்திருந்தான். நனைந்து, காய்ந்து, மடிப்பில் கிழிந்திருந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

அன்று பூசை முடிந்து நம் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீ என் எதிரில் நிற்கிறாய். என் கையெழுத்து என் கையில் இருக்கிறது. அங்கே இருக்க முடியவில்லை. பஸ் ஏறினேன். அப்புறம் மார்ச்சில் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். உன் பெயரைப் போட்டு எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குப் போக வேண்டியது.

எமிலின் கோட்டை என் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். பகலில் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவனை மண்ணுக்கு அனுப்புகிற தேதி எழுது. மருத்துவர் என்னை இனி பஸ்ஸிலும் விமானத்திலும் நெடுந்தூரம் போகக்கூடாது என்கிறார். இது சாக்கு இல்லை.

ரோலண்ட்

*

கார்வெல்
மே 20

அண்ணா,

சனிக்கிழமை அடக்கம் ஆனது. மண் இளகிக் கறுப்பாக இருந்தது. அந்தக் கல் அறையைத் திறந்து ஆறு பெட்டிகளையும் ஒரே நாளில் எடுத்தார்கள், ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்கள். நம் முறை நாலாவது. வந்தவர்கள் பதினாலு பேர். பிப்ரவரியில் எமில் வண்டியில் ஏற்றிய முப்பத்தெட்டு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். டெரோஸியர் அம்மாளை நான்தான் கைப்பிடித்து அழைத்துப்போனேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உன்மேல் கோபம் வந்தது. உன்னிடம் அவன் முடியாது என்று சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் அதிகம், நீ மறைத்ததற்குக்கூட அவ்வளவு இல்லை. என் முகத்தைப் பார்த்து ஒரு முடியாது சொல்ல முடியாதபடி நான் இருந்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நீயும் எனக்கு அதை எழுதாதே. இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, அது போதும். இனி பொய் சொல்ல வேண்டிய ஆள் என்று எனக்கு யாரும் இல்லை. அதில் ஒரு நிம்மதி இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஜெயித்தவருடைய ஆள் ஒருவர் போன வாரம் வந்தார். வேட்பாளராகத் தேவையான எண்ணிக்கை அவருக்கு வந்துவிட்டதாம். நவம்பர் தேர்தலுக்கு என் பட்டியல் வேண்டும் என்றார். நல்ல மனிதர். பட்டியலைக் கொடுத்தேன். இரண்டாவது தாளைக் கொடுக்கவில்லை.

ஜூன் மூன்றாம் தேதி உங்கள் ஓட்டு இல்லையா? க்ரேன் பெயர் இன்னும் சீட்டில் இருக்கிறதா? நீ போவாயா?

அடேல்

*

ப்யூட்
ஜூன் 4

அன்புள்ள அடேல்,

பெயர் இருக்கிறது. சீட்டை முன்பே அச்சடித்துவிட்டார்கள், விலகியவர்களை யாரும் எடுக்கவில்லை. ஐந்து பெயர். அதில் நான்கு பேர் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது.

எங்கள் சாவடியில் க்ரேனுக்கு அறுபத்தொன்று. ஜெயித்தவருக்கு நாற்பத்து நாலு. இதை எந்தச் செய்தித்தாளும் போடாது. எண்ணிச் சொன்ன அம்மாளுக்கே குரல் கொஞ்சம் தடுமாறியது.

நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று மாலை ஆறு மணி வரை வீட்டில்தான் இருந்தேன். இங்கே சாவடியை எட்டு மணிக்குத்தான் சாத்துவார்கள். அப்போது ஆர்வோ போன் செய்தார். என்னோடு பதினெட்டு வருஷம் அடியில் வேலை செய்த பின்லாந்துக்காரர். இப்போது மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. மகள் வேலையிலிருந்து வரவில்லை, ஓட்டுப் போடக் கூட்டிப்போவாயா என்று கேட்டார்.

"எதுக்கு ஆர்வோ? அதெல்லாம் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"எனக்கு இன்னும் முடியலையே" என்றார்.

போனேன். அவரைத் தூக்கி முன் இருக்கையில் வைத்து, உருளையைக் காலுக்கு நடுவில் நிறுத்தினேன். நல்ல வெயில், அடேல். தரை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. ஆனாலும் என் கால் வண்டியை முடுக்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிடுவார்கள், சாத்திவிடுவார்கள் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. சுரங்கச் சரிவு இறக்கத்தில் திரும்பும்போது ஆர்வோ தன் கையை என் கைமேல் வைத்தார். எடையே இல்லாத கை.

"மெதுவா போப்பா" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பாதை தெரியவில்லை. ஆர்வோவின் குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வார்த்தையைத்தான், அடேல். நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை, அன்று மான்செஸ்டரிலிருந்து போன் செய்தவர்களும் சொல்லவில்லை. அவனைச் சுற்றி இருந்த ஒருவர்கூட அவனிடம் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பிறகு வண்டியை எடுத்தேன். வழி முழுக்க நடக்கிற வேகம்தான். பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பிவிட்டுத் தாண்டிப் போனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்துதான் இருந்தது.

ரோலண்ட்